மோர்ஸ் குறியீடு: காதால் கற்றுக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய நோக்கியா போன் வைத்திருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் இன்னும் நினைவிருக்கும். குறுஞ்செய்தி வந்தால் மூன்று குட்டி ஒலி, இரண்டு நீண்ட ஒலி, மறுபடி மூன்று குட்டி ஒலி. அது இஷ்டத்துக்குப் போட்ட மெட்டு இல்லை. எஸ், எம், எஸ் என்ற மூன்று எழுத்துகளை மோர்ஸில் அடித்தால் அப்படித்தான் கேட்கும். நம்மில் பல பேர் அதை வருடக்கணக்கில் தினமும் கேட்டிருக்கிறோம். யாரும் உட்கார்ந்து படிக்கவில்லை, ஆனாலும் காது அதைப் பிடித்து வைத்துக்கொண்டது.

இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது. மோர்ஸ் காதுக்கான மொழி. கண்ணால் படித்தால் பாதி வழியில் நின்றுவிடும்.

நானே அப்படி நின்றவன்தான். பெங்களூர் அல்சூரில் நான் குடியிருக்கும் அறையின் சுவரில் புள்ளியும் கோடுமாக ஓர் அட்டவணையை ஒட்டி வைத்து, இரண்டே வாரத்தில் 26 எழுத்துகளையும் 10 எண்களையும் மனப்பாடம் செய்தேன். ஆனால் ஒலியாகக் கேட்டால் எதுவும் பிடிபடவில்லை. கேட்டதில் எத்தனை புள்ளி, எத்தனை கோடு என்று எண்ணி, மனதுக்குள் அட்டவணையில் தேடி, விடை எடுப்பதற்குள் அடுத்த இரண்டு எழுத்துகள் ஓடிவிடும். பக்கத்தில் மர்ஃபி டவுனில் ராணுவத்தில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். அவரிடம் போய் நின்றேன்.

"ஐயா, நிமிஷத்துக்கு 5 வார்த்தைக்கு மேல போகவே மாட்டேங்குது."

"அட்டவணைய செவுத்துல ஒட்டி வச்சிருக்கியா?"

"ஆமாங்க."

"மொதல்ல அதக் கிழிச்சிப் போடு தம்பி. உங்க அம்மா உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டப்ப எழுத்துக் கூட்டியா புரிஞ்சிக்கிட்ட?"

அன்று இரவே கிழித்தேன். கீழே உள்ளவை அதற்கப்புறம் நான் கற்ற வழி.

முதல் படி: குறில், நெடில், மௌனம்

தமிழ் படித்தவர்களுக்கு மோர்ஸின் கணக்கு புதிதல்ல. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று பள்ளியில் படித்திருக்கிறோம். கண் இமைக்கும் நேரமும் கை நொடிக்கும் நேரமும்தான் மாத்திரைக்கு அளவு என்கிறது தொல்காப்பியம். மோர்ஸிலும் எல்லாம் கால அளவுதான். புள்ளி ஒரு மாத்திரை, கோடு மூன்று மாத்திரை. புள்ளியை 'டிட்' என்றும் கோட்டை 'டா' என்றும் வாயால் சொல்வார்கள். எழுத்தின் நடுவில் வரும் புள்ளியை 'டி' என்று சுருக்கிவிடுவார்கள்.

பலர் கோட்டை விடும் இடம் மௌனம். ஓர் எழுத்துக்குள் இரண்டு ஒலிகளுக்கு நடுவே ஒரு மாத்திரை இடைவெளி, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மூன்று, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஏழு. இந்த இடைவெளி கெட்டுப்போனால் பொருளே மாறிவிடும். 'டி-டா' என்றால் ஏ. அதையே நடுவில் கொஞ்சம் இழுத்து 'டிட்... டா' என்று அடித்தால் கேட்பவருக்கு ஈ, டீ என்று இரண்டு எழுத்துகள் விழும்.

வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று சொல்வார்கள். 'பாரிஸ்' என்ற சொல்லை ஆங்கில எழுத்துகளில் அடித்தால், அதன் பின்னால் வரும் இடைவெளியையும் சேர்த்துச் சரியாக 50 மாத்திரை வரும். அதுதான் ஒரு சொல்லுக்கான அளவுகோல். நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் ஒரு புள்ளி 60 மில்லி விநாடி, ஒரு கோடு 180 மில்லி விநாடி.

சாமுவேல் மோர்ஸ் 1844 மே 24 அன்று வாஷிங்டனிலிருந்து, பால்டிமோரில் இருந்த தன் கூட்டாளி ஆல்ஃபிரட் வெய்லுக்குத் தந்தி அனுப்பியது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் இன்று நாம் அடிப்பது அவர்களுடைய குறியீடு அப்படியே அல்ல. ஜெர்மனியைச் சேர்ந்த கெர்க்கே 1848இல் அதைத் திருத்தி எளிமையாக்கினார், அந்தத் திருத்தத்தின் வழியில்தான் சர்வதேச மோர்ஸ் வந்தது. இரண்டுக்கும் பொதுவான ஓர் அழகு உண்டு. ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் ஈ-க்கு ஒரே புள்ளி, டீ-க்கு ஒரே கோடு, அபூர்வமாக வரும் க்யூ-வுக்கு நான்கு ஒலி (சர்வதேச மோர்ஸில் 'டா-டா-டி-டா'). மின்னஞ்சல் முகவரியில் வரும் 'அட்' குறிக்கு 2004இல்தான் இடம் கொடுத்தார்கள். ஏ-வையும் சி-யையும் ஒட்டி அடித்தால் அந்தக் குறி.

இரண்டாம் படி: மெதுவாகத் தொடங்காதீர்கள்

கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் இதுதான் மிக முக்கியமான அறிவுரை. ஒலியை மெதுவாக ஓடவிட்டால் மூளை எண்ணத் தொடங்கிவிடும், எண்ணிப் பழகியவர் அதிலேயே மாட்டிக்கொள்வார். எழுத்துகளை நிமிடத்துக்கு 18 அல்லது 20 சொல் வேகத்திலேயே கேளுங்கள். எழுத்துகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை மட்டும் தாராளமாக நீட்டிக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் எண்ண முடியாது. 'டா-டி-டா' முழுசாக ஒரே ஒலியாக வந்து விழும், அந்த ஒலியின் பெயர் கே. மிருதங்கம் கற்கும் பிள்ளைகள் சொற்கட்டை வாயால் சொல்லிப் பழகுவது போலத்தான் இது. அங்கே யாரும் 'தகதிமி'யில் எத்தனை எழுத்து என்று எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

இப்படி எழுத்தை வேகமாகவும் இடைவெளியை நீளமாகவும் வைக்கும் முறைக்கு ஃபார்ன்ஸ்வர்த் முறை என்று பெயர். இதோடு சேர்த்துப் பிடிக்க வேண்டியது கோக் முறை. 1930களில் லுட்விக் கோக் என்ற ஜெர்மானிய உளவியலாளர் சொன்னது. முதல் நாள் இரண்டே எழுத்து. அந்த இரண்டும் மாறி மாறி வர, கேட்டு எழுதிக்கொண்டே போக வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக வந்தால்தான் மூன்றாவது எழுத்து. அப்படியே ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

இதற்கு எல்சிடபிள்யூஓ என்ற இலவச இணையதளம் போதும். அங்கே வரிசை கே, எம்-இல் தொடங்கி, யூ, ஆர், ஈ, எஸ், என், ஏ என்று போகும். கே 'டா-டி-டா', எம் 'டா-டா', யூ 'டி-டி-டா', ஆர் 'டி-டா-டிட்'. இதை எழுத்தில் காட்டுவதற்கே எனக்கு மனசில்லை, கேட்டுத்தான் பழக வேண்டும். அகரவரிசையில் படிக்க வேண்டாம். ஈ, ஐ, எஸ், ஹெச் என்று ஒரே மாதிரி ஒலிப்பவற்றைக் கூட்டமாகப் படிக்கவும் வேண்டாம். அப்படிப் படித்தால் நான்கு புள்ளி ஹெச்சா, ஐந்து புள்ளி எண் 5ஆ என்ற குழப்பம் பல மாதம் துரத்தும்.

நேரம்: தினமும் 15 நிமிடம், முடிந்தால் காலையில் ஒன்று மாலையில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து மற்ற நாளெல்லாம் விட்டுவிடுவதால் பயனில்லை. நான் பாதியைக் கற்றது மெட்ரோவில். அல்சூரில் ஏறி ஒயிட்ஃபீல்டில் இறங்கும் வரை காதில் ஹெட்ஃபோன். பயணம் முடிந்த பிறகு கடைகளின் பெயர்ப்பலகைகளை வாய்க்குள் டிட், டா என்று சொல்லிக்கொண்டே நடப்பேன். இதுவும் நல்ல பயிற்சிதான்.

ஓர் எழுத்து விட்டுப்போனால் அப்படியே விட்டுவிடுங்கள். ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள். போனதை நினைத்து நின்றால் பின்னால் வரும் நான்கும் போய்விடும். இந்த ஒன்றைப் பழக எனக்கு ஒரு மாதம் ஆனது.

எட்டு, பத்து சொல் வேகம் வந்தபின் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மனதிலேயே கேட்டுப் பாருங்கள். அடிக்கடி வரும் சின்னச் சொற்கள் எழுத்தாக இல்லாமல் முழுச் சொல்லாகக் காதில் விழத் தொடங்கும். அங்கேதான் மோர்ஸ் மொழியாக மாறுகிறது.

மூன்றாம் படி: கைக்கு ஒரு கீ

எழுத்துகளில் பாதியாவது காதுக்குப் பிடிபட்ட பிறகுதான் மோர்ஸ் அடிக்கும் விசையான கீ-யைத் தொட வேண்டும். காது கெட்டியானால் கை தானாக அதன் வழியில் வரும்.

மேலிருந்து கீழாக அழுத்துவது ஸ்ட்ரெய்ட் கீ. பக்கவாட்டில் இரண்டு தகடுகள் வைத்தது பேடில். பேடிலில் வலது கைக்காரர்கள் வழக்கமாகக் கட்டைவிரலால் புள்ளியும் ஆள்காட்டி விரலால் கோடும் அடிப்பார்கள். ஒலியின் நீளத்தை அதோடு இணைக்கும் மின்சுற்று பார்த்துக்கொள்ளும். வேகமாகப் போக நினைப்பவர்களுக்குப் பேடில்தான் சரி. ஆனால் முதல் மூன்று மாதம் ஸ்ட்ரெய்ட் கீ-யில் அடியுங்கள் என்றே நான் சொல்வேன். மாத்திரை கையில் ஊறுவது அதில்தான். முழங்கையும் முன்கையும் மேசையில் படிந்திருக்கட்டும், குமிழை மூன்று விரலால் லேசாகப் பிடித்து மணிக்கட்டிலிருந்து அடியுங்கள். விரல் நுனியால் தட்டினால் பத்து நிமிடத்தில் கை கடுக்கும்.

பயிற்சிக்கு ஓர் ஆசிலேட்டர், அதாவது ஒலி எழுப்பும் சின்ன மின்சுற்று வேண்டும். டவுன் ஹால் பக்கம் எஸ்பி ரோடுக்குப் போனால் எல்லாப் பொருளும் ஒரே சந்தில் கிடைத்துவிடும். வாங்க வேண்டியவை: ஒரு 555 ஐசி, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 100 கிலோ ஓம் ஒன்று, 100 ஓம் ஒன்று, 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 8 ஓம் சின்ன ஸ்பீக்கர், 9 வோல்ட் பேட்டரி, ஒரு பிரெட்போர்டு.

இணைப்பு இப்படி. ஐசி-யின் 1ஆம் காலைப் பேட்டரியின் மைனஸில் கொடுங்கள். 4ஆம் காலையும் 8ஆம் காலையும் சேர்த்து, நடுவில் கீ-யை வைத்து, பேட்டரியின் பிளஸ்ஸுக்குக் கொண்டுபோங்கள். 8ஆம் காலுக்கும் 7ஆம் காலுக்கும் நடுவே 10 கிலோ ஓம். 7ஆம் காலுக்கும் 6ஆம் காலுக்கும் நடுவே 100 கிலோ ஓம். 6ஐயும் 2ஐயும் ஒன்றாக இணைத்து, அங்கிருந்து 0.01 மைக்ரோஃபாரட் வழியாக மைனஸுக்கு. 3ஆம் காலிலிருந்து 100 ஓம், அப்புறம் 10 மைக்ரோஃபாரட், அதன் பிளஸ் முனை ஐசி பக்கம் இருக்க, பிறகு ஸ்பீக்கர். ஸ்பீக்கரின் மறுமுனை மைனஸில். கீ-யை அழுத்தினால் சுமார் 690 ஹெர்ட்ஸ் ஒலி வரும். காதுக்கு உறுத்தாத சுருதி. கீ கிடைக்காவிட்டால் ஒரு மரக்கட்டையில் இரண்டு பித்தளைத் தகடுகளைத் திருகி வைத்தாலே போதும். என் முதல் கீ அதுதான், குமிழுக்குப் பதில் ஒரு பழைய பீரோவின் கைப்பிடி.

நீங்கள் அடிப்பதைப் போனில் பதிவு செய்து மறுநாள் கேட்டு எழுதிப் பாருங்கள். உங்கள் கையை உங்களாலேயே படிக்க முடியவில்லை என்றால் எங்கோ இடைவெளி விழுங்கப்படுகிறது என்று பொருள்.

நான்காம் படி: காற்றில் கேட்பது

சாதாரண ரேடியோவில் மோர்ஸ் சரியாகக் கேட்காது, வெறும் 'புஸ் புஸ்' என்று அலை வந்து போகும். ஒலியாக மாற்ற எஸ்எஸ்பி வசதியுள்ள ரிசீவர் தேவை. அது இல்லாதவர்கள் நெதர்லாந்தின் ட்வென்ட்டே பல்கலைக்கழகத்தில் இயங்கும் வெப்எஸ்டிஆர் பக்கத்தைத் திறக்கலாம். அங்கே இருக்கும் ரேடியோவை இங்கே உட்கார்ந்து திருப்பலாம். முறை என்ற இடத்தில் மோர்ஸைக் குறிக்கும் சிடபிள்யூ-வைத் தேர்ந்தெடுத்து, 7.000 முதல் 7.040 மெகாஹெர்ட்ஸ் வரை, அல்லது 14.000 முதல் 14.070 வரை மெதுவாகத் தேடுங்கள். மோர்ஸைப் பெரும்பாலும் ஒவ்வொரு அலைவரிசையின் கீழ்ப்பகுதியில்தான் பேசுவார்கள்.

பெங்களூரில் சொந்த ரிசீவர் வைத்துக் கேட்பவர்களுக்குப் பகலில் 7 மெகாஹெர்ட்ஸில் சில நூறு கிலோமீட்டருக்குள் உள்ளவர்களும், இருட்டிய பின் தூர தேசத்தவர்களும் கிடைப்பார்கள். 14 மெகாஹெர்ட்ஸ் பகலிலும் மாலையிலும் தூரத்துக்கு நல்லது. 14.100இல் ஒரு நல்ல பயிற்சி காத்திருக்கிறது. உலகம் முழுக்க 18 நிலையங்கள் அங்கே முறை வைத்து, ஒவ்வொன்றும் 10 விநாடி, மூன்று நிமிடச் சுற்றாக ஒலிபரப்பும் ஏற்பாடு. முதலில் தன் கால் சைன் (நிலையத்தின் அடையாளப் பெயர்), அப்புறம் ஒரு விநாடிக் கோடுகள் நான்கு. கால் சைனும் முதல் கோடும் 100 வாட்டில், அடுத்தவை 10, 1, 0.1 வாட்டில். எந்தக் கோடு வரை உங்களுக்குக் கேட்கிறது என்பதை வைத்து வானம் எவ்வளவு திறந்திருக்கிறது என்று கணிக்கலாம். பட்டியலில் இலங்கையின் 4எஸ்7பி-யும் உண்டு.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒரு தொல்லை சொல்ல வேண்டும்: இரைச்சல். எல்ஈடி விளக்குகளின் டிரைவர், யுபிஎஸ், லேப்டாப் சார்ஜர் எல்லாமே குறைந்த அலைவரிசைகளில் சீறிக்கொண்டிருக்கும். வீட்டில் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து எது என்று கண்டுபிடியுங்கள். மோர்ஸ் இன்னும் உயிரோடு இருப்பதற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. குரலுக்குச் சுமார் 2,500 ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும், மோர்ஸை 250 ஹெர்ட்ஸ் ஃபில்டரில் கேட்கலாம். அதாவது பத்தில் ஒரு பங்கு இரைச்சல்தான் உள்ளே வரும். குரல் முங்கிப்போகும் இடத்தில் டிட், டா தலை நீட்டி நிற்கும். 5 வாட் கொடுத்து வெளிநாட்டு நிலையத்தோடு பேசுவது ஹாம் எனப்படும் அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கு அன்றாடக் காரியம்.

ஆன்டெனாவுக்கு நடுவில் பிரித்துக் கட்டும் கம்பியான டைபோல் போதும்: 7 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 20 மீட்டர் கம்பி, 14க்கு அதில் பாதி. வாடகை வீட்டுக்காரர்கள் மொட்டை மாடியில் கட்டுவதற்கு முன் வீட்டு உரிமையாளரிடம் கேட்டுவிடுங்கள். நான் கம்பியைத் துணி உலர்த்தும் கொடி உயரத்துக்கு மேலே ஏற்றிக் கட்டினேன். மின்கம்பி பக்கமே போக வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் மாலை இடி தொடங்கும் அறிகுறி தெரிந்தாலே ஆன்டெனாவைக் கழற்றிவிடுங்கள்.

ஐந்தாம் படி: உரிமம்

கேட்டுப் பழகலாம், ஆனால் உரிமம் இல்லாமல் ஒரு புள்ளிகூட ஒலிபரப்பக் கூடாது, அது குற்றம். இந்தியாவில் அமெச்சூர் ரேடியோ தேர்வைத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு நடத்துகிறது. 12 வயது நிறைந்தவர்கள் எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு நிலை. இரண்டிலும் ரேடியோ அடிப்படையும் விதிமுறைகளும் கேட்கப்படும். ஜெனரலுக்கு மோர்ஸும் உண்டு, நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் கேட்டு எழுதவும் அடிக்கவும் வேண்டும். ரெஸ்ட்ரிக்டட் உரிமத்துக்கு வியூ3 என்றும் ஜெனரலுக்கு வியூ2 என்றும் கால் சைன் தொடங்கும். ராஜீவ் காந்தியின் கால் சைன் வியூ2ஆர்ஜி.

2003இல் நடந்த உலக ரேடியோ மாநாடு மோர்ஸ் தேர்வைக் கட்டாயமாக வைக்க வேண்டியதில்லை என்று நாடுகளிடமே விட்டுவிட்டது, அமெரிக்கா 2007இல் எடுத்தும் விட்டது. 8 சொல் என்பது பெரிய வேகமல்ல. 12க்குப் பழகிவிட்டுத் தேர்வுக்குப் போங்கள், அன்றைய படபடப்பில் இரண்டு மூன்று குறைந்தாலும் தாங்கும்.

ஆறாம் படி: முதல் உரையாடல்

முதலில் யாரையாவது அழைப்பதற்குப் பதில், அழைப்பவர் ஒருவருக்குப் பதில் சொல்லுங்கள். 'சிக்யூ' என்றால் யாராவது இருக்கிறீர்களா என்ற பொது அழைப்பு. 'டிஇ' என்றால் இன்னாரிடமிருந்து. முடிவில் 'கே' என்றால் பேசுங்கள். அவருடைய கால் சைனை ஒரு முறை, உங்களுடையதை இரண்டு முறை அடியுங்கள். அவர் அடிக்கும் வேகத்துக்கு மேல் போகாதீர்கள். அவர் வேகம் உங்களுக்கு அதிகமாக இருந்தால் 'க்யூஆர்எஸ்' என்று அடியுங்கள், மெதுவாக என்று பொருள். இதைக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம். நல்ல ஆபரேட்டர்கள் உடனே வேகத்தைக் குறைப்பார்கள்.

அடுத்து ஆர்எஸ்டி அறிக்கை: தெளிவு 5க்கு, வலிமை 9க்கு, ஒலியின் சுத்தம் 9க்கு. 599 என்றால் எல்லாம் நன்று. ஒன்பதைச் சுருக்கி என் என்று அடிப்பதால் '5என்என்' என்றே கேட்கும். பிறகு பெயர், 'க்யூடிஹெச்' என்று ஊர். சிக்னல் ஏறி இறங்கினால் 'க்யூஎஸ்பி', பக்கத்து நிலையத்தின் இடைஞ்சல் 'க்யூஆர்எம்', இடி மின்னலின் படபடப்பு 'க்யூஆர்என்'. கடைசியில் '73', அதாவது வாழ்த்துகள். பிரியும்போது இருவரும் ஒரு 'டிட் டிட்'. எதிரில் இருப்பவர் தமிழ்க்காரர் என்று தெரிந்தால் ஆங்கில எழுத்துகளிலேயே 'வணக்கம்' என்று அடித்துவிடுவேன். அந்தச் சொல் 599ஐவிட நன்றாகக் கேட்கும்.

இன்று எங்கெல்லாம்

தந்தி என்றாலே நம் வீடுகளில் பயம்தான். பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே அழத் தொடங்குவார்கள். 1942இல் மதுரையில் ஆதித்தனார் தொடங்கிய நாளிதழுக்கும் தந்தி என்றே பெயர் வந்தது, வேகத்துக்கு அதுதான் அன்றைய சொல். இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றது, அதற்கு வெகு முன்பே அங்கே மோர்ஸ் போய்விட்டது. கப்பல்களில் செயற்கைக்கோள் சார்ந்த அபாய அறிவிப்பு முறை 1999 பிப்ரவரி 1 முதல் முழுமையாக வந்தபின் கடலிலும் அதன் வேலை முடிந்தது.

ஆனால் வானில் அது இன்னும் வேலை செய்கிறது. விமானங்களுக்கு வழிகாட்டும் விஓஆர் நிலையங்கள் தங்கள் அடையாள எழுத்துகளை மோர்ஸில்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. சரியான நிலையத்தைத்தான் திருப்பியிருக்கிறோமா என்று விமானி அந்த ஒலியை வைத்து உறுதி செய்வார். ரேடியோ மௌனம் காக்க வேண்டிய நேரத்தில் போர்க்கப்பல்கள் விளக்கைச் சிமிட்டிப் பேசிக்கொள்வதும் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்த பயன்பாடு கைபேசியில் இருக்கிறது. கூகுளின் ஜிபோர்டில் 2018 முதல் மோர்ஸ் விசைப்பலகை உண்டு, ஆங்கிலத்தின் அமைப்பில் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். மூளை முடக்குவாதத்தோடு பிறந்து சிறு வயது முதல் மோர்ஸில் பேசிவரும் டானியா ஃபின்லேசன் அதன் உருவாக்கத்தில் பங்கெடுத்தார். இரண்டே பொத்தான்கள். விரல்களை அதிகம் அசைக்க முடியாத ஒருவருக்கு, தலையால் தட்டும் இரண்டு சுவிட்சுகள் முழு விசைப்பலகையாகிவிடும்.

1966இல் வியட்நாமில் சிறைப்பட்டிருந்த அமெரிக்க விமானி ஜெரமையா டென்டன், எதிரிகள் ஏற்பாடு செய்த தொலைக்காட்சிப் பேட்டியில் கண்களைச் சிமிட்டி 'சித்திரவதை' என்ற ஆங்கிலச் சொல்லை மோர்ஸில் சொன்னார். கண்ணிமைப் பொழுதே மாத்திரை என்று படித்த நமக்கு அது சட்டென்று புரியும்.

அதனால் குறைந்தது ஒன்றையாவது வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள். எஸ்ஓஎஸ்: மூன்று குட்டி, மூன்று நீளம், மூன்று குட்டி. நடுவில் எழுத்து இடைவெளி விடாமல் ஒரே மூச்சில் அடிக்க வேண்டும், பிறகு சற்று நிறுத்தி மறுபடி. டார்ச்சாலும் செய்யலாம், லிஃப்டில் மாட்டிக்கொண்டால் சாவியால் கதவைத் தட்டியும் செய்யலாம். தட்டும்போது நீளம் வராது, அதனால் 'டா'வுக்குப் பதில் தகரத்தில் இழுத்துச் சுரண்டுங்கள்.

ரேடியோவில் பேசத் தொடங்கியவர்கள் முதல் நாளிலிருந்தே லாக் எழுதுங்கள்: தேதி, நேரம், அலைவரிசை, கால் சைன், கொடுத்த அறிக்கை, வாங்கிய அறிக்கை. நேரத்தை நம் கடிகாரத்திலிருந்து ஐந்தரை மணி கழித்து உலக நேரத்தில் எழுதுவது வழக்கம். இரவு எட்டு மணிக்குப் பேசினால் 14.30. என் லாக்கின் முதல் வரியில் தேதி தவிர எல்லாமே கோணல் மாணலாக இருக்கிறது, ஒரு கையால் கீ-யைப் பிடித்துக்கொண்டே மறுகையால் எழுதியது அது. கொழும்பிலிருந்து ஒருவர், 559.